படகுப் படத்தின் ரசிகர்

ஓவியக்கூடத்துக் காவலரை எல்லோரும் 'ரசிகர்' என்றே அழைத்தார்கள். முதல் அறையிலிருந்து சுற்றிக் காவல் வரும் அவர் படகு ஓவியத்தின் முன்னால் நின்றுவிடுவார். கண்கள் பாதி மூடியிருக்கும். இரண்டு நிமிடம் கழித்து, ஞானம் பெற்றவர்போல மெல்ல நகர்வார். பார்வையாளர்கள் அவர் பின்னால் நின்று, படகில் அப்படி என்னதான் இருக்கிறது என்று தேடுவார்கள்.

காரணம் படகில் இல்லை. எல்லாம் அவருடைய இடது கெண்டைக்காலில் இருந்தது. அந்த இடத்துக்கு வந்ததும் ஈரத்துணியைப் பிழிவதுபோல் தசை முறுக்கிக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும். அதுவரை ஓவியத்துத் தண்ணீர் லேசாக அலையடிக்கும், படகு கொஞ்சம் தள்ளிப் போகும், அவரும் கூடவே மிதப்பார்.

மேலாளர் அம்மாள் நெகிழ்ந்துபோய், படத்துக்கு எதிரே மெத்தை நாற்காலி ஒன்று போட்டார். "இனிமே நீங்க சுத்த வேணாம். இங்கேயே உக்காந்து ரசிங்க."

அன்று மாலை வீட்டில் சாய்ந்திருந்தவரின் பாதங்களை மனைவி தற்செயலாகத் தொட்டாள். அவளுக்குக் கலையுணர்வு கம்மி. "என்னங்க, ஒரு காலு அடுப்பு, ஒரு காலு ஐஸா? கிளம்புங்க டாக்டர்கிட்ட."

டாக்டர் பிரஷர் பட்டையைக் கையில் சுற்றினார். பிறகு கணுக்காலிலும் சுற்றினார்.

"காலுக்கும் பிரஷரா, டாக்டர்?"

"கையில இருக்கிறதுல பாதிதான் கால்ல இருக்கு. ரத்தக்குழாய் அடைச்சுக்கிட்டு வருது. இப்படியே விட்டா காலுக்கே ஆபத்து. சிகரெட்டை நிறுத்துங்க, மாத்திரையை விடாதீங்க. வலி வர்ற வரைக்கும் நடங்க, நில்லுங்க, அது போனதும் மறுபடி நடங்க. தினமும் பாதத்தைப் பாருங்க, புண்ணு வந்தா அன்னிக்கே ஓடி வாங்க."

"இந்தக் காலை வெச்சுக்கிட்டு ஓடுறதா?" என்றாள் மனைவி.

மறுநாள், பின்வாசல் புகைச் சங்கத்தின் ஆயுள் தலைவர் பதவியை ராஜினாமா செய்தார். மேலாளரிடம் உண்மையையும் சொன்னார்: "நாற்காலி வேணாம்மா. நான் அந்தப் படத்தைச் சரியா பார்த்ததே இல்ல. நின்னது கால் வலியில."

"என்ன ஒரு அடக்கம்" என்றார் அம்மாள்.

நடந்தார், நின்றார், நடந்தார். வலி முதலில் படகைத் தாண்டிக் குதிரைப் படத்துக்குப் போனது. ஒரு மாதத்தில் திராட்சைக் கிண்ணத்துக்கு. நான்காவது மாதம் கடைசி அறையின் சுவரைத் தொட்டுத் திரும்பியபோது கெண்டைக்கால் வாயே திறக்கவில்லை.

திரும்பும் வழியில், காரணமே இல்லாமல் படகின் முன்னால் நின்றார். முதல்முறையாகச் சரியாகப் பார்த்தார். உள்ளே ஒருவன் கால் நீட்டிப் படுத்திருந்தான். தண்ணீர் அசைந்தது.

"எந்திரிச்சு நடப்பா" என்றார் மெதுவாக.

பின்னால் நின்றிருந்தவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.