பவுணா யூரோவா என்று மிஷின் கேட்டபோது

1. பாரிஸிலிருந்து ஒரு போன்

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் நான் வேலை செய்யும் பயண முகவர் கடை சனிக்கிழமையும் திறந்திருக்கும். கணவருக்கு ஷிப்ட் விழுந்த சனிக்கிழமைகளில் இரண்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டுதான் போவேன். அன்று அவளுக்கு லேசான காய்ச்சல். மருந்து கொடுத்து, என் மேசைக்குப் பின்னால் போர்வை விரித்துப் படுக்க வைத்திருந்தேன். கொண்டு வந்தது சரியா, லீவு கேட்டிருக்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் போன் அடித்தது.

"பிள்ளை, என்ர பாங்க் காட் வேலை செய்யுதில்லை. ஹோல்காரர் மிச்சக் காசு கேக்கினம்."

பேசியவர் தவராசா அங்கிள். மோர்டனில் இருக்கும் எங்கள் வாடிக்கையாளர். அன்று பகல் பாரிஸில் ஒரு மண்டபத்தில் அவருடைய மகளுக்குக் கலியாணம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் டிக்கெட் போடும் சிஸ்டத்தைச் சில வாரங்களில் பழகிவிடுகிறார்கள். கார்ட் கட்டணமும் மாற்று விகிதமும்கூட விளங்கிவிடும். அதற்குப் பிறகும் என்ன நடக்கலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2. நான் சொல்லிக் கொடுத்தது

பெண் வீடு லண்டன், மாப்பிள்ளை வீடு ஜெர்மனி. இரண்டு பகுதிச் சொந்தங்களிலும் பாதிப் பேர் பாரிஸில். அதனால் கலியாணத்தை அங்கே வைத்தார்கள். மாப்பிள்ளை பகுதி தங்குவதற்கு ஹோட்டல் அறைகளை நான்தான் பதிவு செய்து கொடுத்தேன். பதினைந்து அறைகள். பணத்தை ஹோட்டலில் கட்டலாம் என்ற ஏற்பாடு.

எங்கள் முதலாளி ரஞ்சன் அண்ணை ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். வெளிநாட்டு ஹோட்டலில் பணம் கட்டப் போகிற ஒவ்வொருவரையும் உட்கார வைத்துக் கார்ட் விஷயத்தைச் சொல்லி அனுப்ப வேண்டும். அங்கிளுக்கும் சொன்னேன்.

முதலாவது, கார்ட் மிஷின் இரண்டு தொகைகளைக் காட்டும், ஒன்று பவுண், மற்றது யூரோ. பவுண் நமக்குப் பழக்கமான காசு என்பதால் கை அதற்குத்தான் போகும். ஆனால் அந்தப் பவுண் கணக்கைப் போடுவது மிஷின்காரக் கம்பனி. தன் லாபத்தையும் அதற்குள் சேர்த்துத்தான் விகிதம் வைத்திருக்கும். யூரோவை அமத்தினால் நம்முடைய வங்கி தன் விகிதத்தில் மாற்றும். வெளிநாட்டுக் கட்டணம் என்று வங்கி கொஞ்சம் எடுத்தாலும், பெரும்பாலும் அதுதான் மலிவு.

இரண்டாவது, அறைக்குள் போகுமுன் ஹோட்டல் ஒரு தொகையைக் கார்டில் பிடித்து வைக்கும். அதைக் கழிக்காது, ஆனால் நாம் அதைத் தொட முடியாது. கிரெடிட் கார்டில் பிடித்தால் கடன் எல்லைதான் குறையும். டெபிட் கார்டில் பிடித்தால் நம் கைக்காசு மாட்டிக்கொள்ளும்.

கிரெடிட் கார்ட் இருக்கிறதா என்று கேட்டேன்.

"கடன் எண்டு பேர் வைச்ச சாமானை நான் ஏன் பிள்ளை பொக்கற்றுக்குள்ள கொண்டு திரியோணும்?" என்றார்.

அப்படியானால் அந்தந்த அறைக்காரர் தங்கள் தங்கள் கார்டைக் கொடுக்கட்டும், கடைசியில் பில்லை மட்டும் நீங்கள் கட்டுங்கள் என்றேன். தலையாட்டினார். யூரோ விஷயத்தை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு போனார்.

3. ரிசெப்ஷனில் நடந்தது

இதை அவரும் அவருடைய மகளும் சொன்னதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை மாப்பிள்ளை பகுதி வந்து இறங்கியது. ரிசெப்ஷனில் இருந்த பெண் ஒவ்வொரு அறைக்கும் ஒரு கார்ட் கேட்டார். மாப்பிள்ளையின் தாய் கைப்பையைத் திறந்தார். அங்கிள் குறுக்கே போய் நின்றார்.

"உள்ள வையுங்கோ சம்பந்தி. எங்கட பிள்ளையின்ர கலியாணத்துக்கு வந்திட்டு நீங்கள் காட் நீட்டுறதோ?"

நம் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெண் வீட்டார் ஒழுங்கு செய்த அறைக்கு மாப்பிள்ளை வீட்டார் கவுண்டரில் கார்டை வைத்தால் அது கதையாகிவிடும். அது வெறும் டெபாசிட், திரும்பி வந்துவிடும் என்று அந்த இடத்தில் யார் யாருக்குச் சொல்வது? என் கலியாணத்தில் என் அப்பாவும் இதையேதான் செய்திருப்பார். அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அந்தந்த அறைக்காரர் கொடுக்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

எல்லா அறைகளுக்கும் அவருடைய டெபிட் கார்ட் போனது. அறை வாடகையும் டெபாசிட்டும் சேர்ந்து பிடிக்கப்பட்டன. மிஷின் பவுணா யூரோவா என்று கேட்டது. பின்னால் பெட்டிகளோடு ஆட்கள் காத்து நின்றார்கள். பவுணை அமத்திவிட்டார்.

எல்லோரையும் அறைகளில் கொண்டுபோய் விட்ட பிறகுதான் நான் சொன்னது ஞாபகம் வந்திருக்கிறது. உடனே கீழே இறங்கி, அதை ரத்து செய்து யூரோவில் போட்டுத் தரும்படி மரியாதையாகக் கேட்டார். அவர்களும் செய்து கொடுத்தார்கள். ஹோட்டலின் கணினியில் முதல் தொகை ரத்தாகிவிட்டது. ஆனால் லண்டன் வங்கியில் அது அப்படியே நின்றது. அதன் மேல் யூரோத் தொகையும் வந்து சேர்ந்தது. ஒரே அறைகளுக்கு இரண்டு முறை பணம் பிடிபட்டுக் கணக்கு வெறுமையாகிவிட்டது. மண்டபத்துக்கு என்று வைத்திருந்ததும் அதற்குள் போய்விட்டது.

என் பேச்சைக் கேட்காமல் பவுணிலேயே விட்டிருந்தால் கொஞ்சம் அதிகம் செலவாகியிருக்கும், அவ்வளவுதான். இதை நான் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

4. பணம் இருக்கிறது, ஆனால் இல்லை

சனிக்கிழமை அங்கிள் இதைச் சொன்னதும் ஹோட்டலுக்குப் போன் செய்தேன். எங்கள் பக்கம் ரத்து செய்துவிட்டோம், மிச்சத்தை வங்கியிடம் கேளுங்கள் என்றார்கள். அங்கிளையும் இணைத்துக்கொண்டு வங்கிக்குப் போன் செய்தேன். காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். என் மகள் எழும்பி அழத் தொடங்கினாள். ஒரு தோளில் அவளையும் மறு தோளில் போனையும் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் நெற்றி முன்பைவிடச் சுட்டது.

வங்கியில் பேசிய பெண் பொறுமையானவர். ஹோட்டல் எழுத்தில் அனுப்பினால் உடனே விடுவிக்கலாம், இல்லாவிட்டால் சில நாட்களில் தானாக விடுபட்டுவிடும் என்றார். எழுத்தில் அனுப்ப வேண்டிய ஹோட்டல் கணக்குப் பிரிவு திங்கட்கிழமைதான் திறக்கும்.

மண்டபக்காரரும் தமிழர்தான். முன்பு யாரோ ஏமாற்றிவிட்டுப் போனதால், மிச்சப் பணம் வராமல் சமையலறை திறக்க மாட்டாராம். தாலி கட்டி முடிந்ததும் முந்நூறு பேர் பந்திக்குப் போவார்கள்.

யாரிடமாவது கேட்கலாமே என்று அங்கிளிடம் சொல்லிப் பார்த்தேன். கூட வந்த எல்லோரும் உறவுக்காரர், ஒருவரிடம் சொன்னால் பின்னேரத்துக்குள் எல்லோருக்கும் போய்விடும் என்றார்.

"பொம்பிளை பகுதி காசில்லாமல் வந்து நிக்குது எண்டு ஒரு கதை வந்தால், அவள் அந்த வீட்டில போய் வாழவேண்டிய பிள்ளை."

"மகளிட்ட நான் சொல்லட்டோ அங்கிள்? அவவிட்ட கிரெடிட் காட் இருக்கும்."

"மணவறைக்குப் போற பிள்ளையிட்டக் காசு கேக்கிற தகப்பன் நான் இல்லை. நீங்கள் சொன்னால், பிறகு உங்களோட எனக்குக் கதை இல்லை." போனை வைத்துவிட்டார்.

ரஞ்சன் அண்ணையிடம் சொன்னேன். அவர் ஒரு குடும்பத்துக்குச் சென்னை டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பாமலே பேசினார்.

"கஸ்டமர் வேண்டாம் எண்டால் வேண்டாம் தங்கச்சி. அதுக்குப் பிறகு வாறது எங்கட பொறுப்பில்லை." பிறகு திரும்பிப் பார்த்தார். "உம்மட காட்டையும் எடுக்க வேண்டாம். உம்மட முகத்தைப் பாக்கத் தெரியுது."

உண்மையில் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். என் கணக்கில் இருந்தது அடுத்த மாத நர்சரிக் கட்டணம். அதைக் கொடுத்தாலும் மண்டபத்துக்குக் காணாது.

5. மணப்பெண்

மகளை மடியில் வைத்துக்கொண்டு மணப்பெண்ணின் நம்பரைத் தேடி எடுத்தேன். விருந்தினரை ஏற்றிப் போகும் கோச் பஸ் விபரத்துக்காக முன்பு பேசியிருந்தோம். ஒரு வாடிக்கையாளர் சொல்லாதே என்று சொன்னதை இன்னொருவரிடம் சொல்வது இந்த வேலையில் பெரிய பிழை. அது தெரிந்துதான் அமத்தினேன். தகப்பன் சொன்னதை மீறுவதா, சொல்லாமல் விட்டு ஒரு பெண்ணின் கலியாண நாளைக் கெடுப்பதா, எது கூடாதது என்று அந்த நேரத்தில் எனக்குப் பிடிபடவில்லை. இப்போதும் முழுதாகப் பிடிபடவில்லை.

பின்னணியில் ஹேர் டிரையர் சத்தம் கேட்டது.

"அக்கா, கோச் லேட்டோ?"

சொன்னேன். டிரையர் நின்றது.

"அப்பா இப்ப எங்க நிக்கிறார்?"

"ஹோல் வாசலில."

"சாப்பிட்டவரோ?"

அது எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்க எனக்குத் தோன்றவும் இல்லை.

"ஓகே அக்கா. ஹோல்காரரை எனக்கு லிங்க் அனுப்பச் சொல்லுங்கோ, நான் கட்டுறன். அப்பாக்குத் தெரிய வேண்டாம்." பிறகு சொன்னாள், "யூரோ தானே அமத்தோணும்? அப்பா வீட்டில ஒரு கிழமையா அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிஞ்சவர்."

ஓம் என்றேன். மண்டபக்காரரின் நம்பரை அவளிடமே வாங்கி, லிங்க் அனுப்பச் சொன்னேன்.

பாதி அலங்காரத்தில் இருந்தபடி பணத்தைக் கட்டினாள். சமையலறை திறந்தது. பந்தி நேரத்துக்கு நடந்தது. மாப்பிள்ளை பகுதிக்கு எதுவும் தெரியாது. ஆனால் மண்டபக்காரர் நல்ல மனதோடு அங்கிளிடம் போய், உங்கட மகள் கட்டிட்டா, இனிக் கவலைப்படாதேங்கோ என்று சொல்லிவிட்டார்.

நான் என் மகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஜிபி டாக்டரின் சனிக்கிழமை கிளினிக்குக்குப் போனேன். வெறும் வைரஸ், தண்ணி குடுங்கோ என்று அனுப்பினார்கள்.

6. பிறகு

பிடிபட்ட தொகைகள் அடுத்த வாரம் ஒவ்வொன்றாக விடுபட்டன. சில வாரம் கழித்து அங்கிள் கடைக்கு வந்தார். பலகாரப் பெட்டியை ரஞ்சன் அண்ணையின் மேசையில் வைத்தார்.

"பிள்ளை வேலை தெரிஞ்ச பிள்ளை. ஆனால் சொன்னதைக் கேளாது," என்றார், நான் பக்கத்தில் நிற்கும்போதே.

போகும்போது என் மேசையருகே நின்றார்.

"அந்தக் காசை மகள் திருப்பி வாங்க மாட்டன் எண்டிட்டாள். மூண்டு தரம் குடுத்துப் பாத்திட்டன்."

அது என் மேல் கோபமா, வேறு எதுவுமா என்று அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எங்களிடம் டிக்கெட் போட வரவில்லை.

நான் படித்துக்கொண்டது இவ்வளவுதான். விகிதத்தையும் கட்டணத்தையும் ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் மிஷின் அந்தக் கேள்வியைக் கவுண்டரில், ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் கேட்கிறது. அந்த இடத்தில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆகவே பவுண், யூரோ பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே, ஹோட்டல் கவுண்டரில் உங்களுக்குப் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்று கேட்கிறேன். பலர் என்னை ஒருமாதிரிப் பார்ப்பார்கள்.

போன வாரம் ஒரு அன்ரி கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மருமகன்ர தாய் தேப்பன்."

"அப்ப ரெண்டு காட் கொண்டு போங்கோ அன்ரி," என்றேன். "ஒண்டு ஹோட்டலுக்கு. மற்றதை ஆர் பக்கத்தில நிண்டாலும் வெளியில எடுக்க வேண்டாம்."