நீளம் பூஜ்யம் என்றது டேபிள்

முரளி அனுப்பிய பேட்ச், அதாவது கோடில் செய்த மாற்றம், அவ்வளவு சுத்தமாக இருந்தது. படித்து முடித்ததும் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

அப்போது நான் பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு, கம்ப்யூட்டரின் எல்லாப் புரோகிராம்களுக்கும் அடியில் ஓடும் கெர்னலை எழுதிக்கொண்டிருந்தேன். கீழ்பென்னாத்தூரில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் ஊர் திரும்பி, திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஓர் அறை எடுத்து, அங்கிருந்தே வேலை பார்த்தேன். முரளி எங்கள் டீமில் சீனியர். அவர் கோடையும் இன்னொருவர் பார்த்து ஓகே சொன்னால்தான் சேர்ப்பார்கள்.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடுவது மதர்போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர். எந்தச் சாதனம் எங்கே இருக்கிறது என்ற விவரங்களை டேபிள்களாக மெமரியில் வைத்துவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும். பிறகு வரும் கெர்னல் அவற்றைப் படிக்கும். முரளியின் பேட்ச், அதுவரை நாங்கள் தொடாத ஒரு டேபிளைப் படித்தது. அதில் ஒவ்வொரு பதிவும் தன் தலைப்பகுதியில் தன் நீளத்தைச் சொல்லும். அந்த நீளத்தைக் கூட்டிக் கூட்டி, திரும்பத் திரும்ப ஓடும் லூப் அடுத்தடுத்த பதிவுக்குப் போகும்.

"ஓகே போட்டுடுங்க. சாயந்திரம் ரிலீஸ் இருக்கு" என்றார் முரளி போனில்.

"என் லேப்டாப்ல நல்லா ஓடுதுங்க. வேற ஒரு மெஷின்ல பாத்துட்டு சொல்லிடறேன்."

பஷீர் பாயின் பிரவுசிங் சென்டர் பக்கத்திலேயே இருந்தது. கிடைத்த பாகங்களை வைத்து அவரே சேர்த்த மெஷின்கள். ஒன்றின் மதர்போர்டு இன்னொன்றில் இருக்காது. எனக்கு அதுதான் வேண்டும். மூலையில் காலியாக இருந்த மெஷினில் புதிய கெர்னலைப் போட்டு ரீபூட் செய்தேன்.

பாதியில் நின்றது.

"இன்னாம்மா பண்ண? நல்லா ஓடினு இருந்த மெஷினாச்சே!" பாய் எழுந்து வந்துவிட்டார்.

"பழைய கெர்னல் அப்படியே இருக்கு பாய். ஒண்ணும் ஆவாது."

பழையதில் மெஷின் ஒழுங்காக எழுந்தது. அப்படியென்றால் பேட்ச்தான்! லூப்புக்குள், படிக்கும் இடத்தைத் திரையில் காட்ட ஒரு பிரிண்ட் வரி சேர்த்து மறுபடி பூட் செய்தேன். திரை முழுக்க ஒரே முகவரி ஓடியது, பக்கத்தில் நீளம்: பூஜ்யம். பூஜ்யத்தைக் கூட்டினால் எங்கே நகர்வது? லூப் அதே பதிவில் சுற்றிக்கொண்டே இருந்தது. "மாட்டிச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் மெயில் பார்த்துக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

முரளிக்குப் போன் போட்டேன்.

"அது ஃபர்ம்வேர் தப்புங்க. என் கோடு ஸ்பெக்ல எழுதியிருக்கற விதிப்படிதான் இருக்கு" என்றார்.

"சரிதாங்க. ஆனா நேத்து வரைக்கும் எழுந்த மெஷின், நம்ம கெர்னல் போட்டா எழுந்துக்கல. பாய் யார்கிட்ட போய்க் கேப்பாரு?"

முரளி சிரித்தார். "ரிலீஸை நிறுத்தச் சொல்றேன். அங்கயே இருங்க."

காபி குடித்து முடிப்பதற்குள் புதிய பேட்ச் வந்தது. நீளம் பதிவின் தலைப்பகுதியைவிடக் கம்மியாக இருந்தாலோ, டேபிளின் எல்லையைத் தாண்டினாலோ, ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டு அந்த டேபிளை விட்டுவிடும். பூட் செய்தேன். எச்சரிக்கை வரி வந்தது. அதைத் தாண்டி லாகின் திரையும் வந்தது. நான் கைதட்டினேன். என்ன நடந்தது என்று தெரியாமலே பாயும் தட்டினார்.

ரிவ்யூ செய்ய வரும் புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வெளியிலிருந்து வரும் எண்ணைச் சரிபார்க்காமல் அதன்மேல் ஓர் அடிகூட வைக்காதீர்கள். தப்பு ஃபர்ம்வேருடையதாகவே இருக்கட்டும். உட்கார்ந்திருப்பவரின் முன்னால் அந்த மெஷின் எழுந்தாக வேண்டும். அது நம் வேலை.