ஊமைப் புலிக்கு உறுமியவன்

படக்கொட்டகையில் கதை சொல்லும் தொழிலில் ஒரு பெரிய வசதி உண்டு: திரையில் நடப்பது சொல்லுகிறவனுக்குப் புரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

படம் பேசக் கற்றுக்கொள்ளாத அந்நாளில், திரையில் இடையிடையே ஆங்கில எழுத்துகள் தோன்றி மறையும். அவற்றைப் படித்து உரத்த குரலில் தமிழில் சொல்வதற்கென்று திரையருகே ஓர் ஆள் நிற்பான். மலாயாவில் டுரியான் துங்கால் என்ற ஊரைச் சுற்றிய ரப்பர்த் தோட்டங்களில் சில ஆண்டுகள் அந்த ஆளாக நின்றவன் நான். பகலில் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. பங்குனித் திருவிழா வந்துவிட்டால் மாரியம்மன் கோயிலில் அடியார் சரிதம் படித்துப் பொருள் சொல்பவன். இம்மூன்றுக்கும் நடுவில் என் புத்தி எங்கே நின்றதென்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை. தமக்கே தெரியாத ஒன்றைக் கூட்டத்தின்முன் நின்று தெரிந்ததுபோல் விளக்க நேர்ந்த அன்பர்கள் நம்முள் பலர் இருப்பர். அவர்கள் என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடுவார்களாக.

இரண்டு கதை

எல்லாரும் தவுக்கே என்று அழைத்த சீன முதலாளி ஒருவர், லாரியில் கூடாரத்தையும் கையால் சுற்றும் படமிஷினையும் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாக வருவார். பட்டணத்துக் கொட்டகைகள் ஓட்டி ஓட்டித் தேய்த்துக் கழித்த காட்டுப் படங்களே அவரிடம் இருந்தன. சுருள்களில் விழுந்த கீறல்களால், எந்தக் காட்டிலும், எந்தப் பாலைவனத்திலும் ஓயாமல் மழை பெய்தது. ஒரு திருவிழாவன்று கோயில் வாசலில் நின்று என் வாசிப்பைக் கேட்ட அவர், ஒரு சொல்லும் புரியாமலே, கேட்டவர்கள் அழுததை மட்டும் கவனித்தார். மறுநாள் ஆபீசுக்கே வந்து, "கிராணி, நீ சாமி கதை சொன்னா ஆளு எல்லாம் அழுது. என் புலி கதைக்கு ஒருத்தனும் அழுறது இல்லை லா. நீ வா," என்றார்.

கோயில் தலைவர் எங்கள் பெரிய கங்காணி. தோட்டத்துத் தொழிலாளரை மேய்ப்பது போலவே தெய்வத்தையும் ஓர் ஒழுங்கில் வைத்திருந்தவர். கோயில் அத்தாப்பு ஓலைக் கூரையோடு இருந்த காலம் முதல் என் தகப்பனார் அமர்ந்து படித்த பலகையில் எனக்கும் இடம் தந்தவர் அவரே. அந்தப் பலகையில் அமர்கிற சில மாலைகளுக்காகத்தான் நான் ஆண்டு முழுவதும் ஆபீசில் தலை குனிந்திருந்தேன். கூடாரத்துக்குப் போக அனுமதி கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "போங்க. ஆனா அந்தக் கொட்டகை வாடை கோயிலுக்குள்ள அடிச்சுது, பலகையில வேற ஆள உக்கார வச்சிருவேன்."

கரடியின் முதுகுத் தையல்

முதற் படத்திலேயே ஒரு மனிதக்குரங்கு வந்தது. தோலைப் போர்த்திய ஆள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. திரும்பி நடந்தபோது முதுகில் தையலும், ஓரிடத்தில் பித்தானும் தெரிந்தன. மறு படத்தில் அதே தோல், காதை மட்டும் மாற்றி, கரடியென்று வந்தது. ஆங்கில எழுத்துகள் இதுபற்றி மௌனம் சாதித்தன. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அஞ்சலை, "ஐயா, அது என்ன மிருகம், சட்டை போட்டிருக்கு?" என்று கூவினார். நான் கற்றவை எல்லாம் சாபமும் சாபவிமோசனமும்தானே! "முனிவரால் சபிக்கப்பட்ட அரசகுமாரன்; மனித உடல் உள்ளே மறைந்திருக்கிறது," என்றேன். கூட்டம் உருகிவிட்டது. அடுத்த வாரம் சிலர் கற்பூரத்தோடு வந்தனர்.

அப்போதுதான் தொப்பி வைத்த வெள்ளைக்காரன் அந்த அரசகுமாரனைச் சுட்டான். கூடாரமே எழுந்து நின்றது. யாரோ திரையை நோக்கிச் செருப்பை ஓங்கினார்கள். குண்டு பட்டதே சாபம் நீங்கும் வழி, அவன் மோட்சம் அடைந்தான் என்று நான் அலறி அமைதிப்படுத்தினேன். எல்லாரும் அமர்ந்தனர். அதற்கடுத்த படத்தில் அதே தையலோடு அதே உருவம் புதரிலிருந்து வெளிப்பட்டது. அஞ்சலை இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தார்: "மோட்சம் போனவரு திரும்பி வந்திருக்காரே ஐயா, அங்கேயும் எடம் இல்லைன்னுட்டாங்களா?"

செத்தவனின் தம்பி

மிஷின் சுற்றியவர் சூசை என்ற நண்பர். சுருள்களின் பெட்டிகளில் எண் அழிந்துபோனதால், கைக்கு வந்ததை மாட்டுவார். ஒரு மாலை, படம் தொடங்கியதுமே வேட்டைக்காரனைப் புலி கொன்றது, காட்டிலேயே புதைத்தார்கள், ஒரு பெண் கல்லறைமேல் விழுந்து அழுதாள். நானும் குரல் தழுதழுக்க அழுதேன். அடுத்த சுருளில் செத்தவன் கப்பலிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கினான்.

நிலையாமையைப் பற்றி நான் படித்த எந்தப் பாடலும் இந்த நிலைமைக்கு உதவவில்லை. இறங்குபவன் இறந்தவனின் தம்பி, ஒரே முகம், அண்ணனைக் கொன்ற புலியைத் தேடி வருகிறான் என்றேன். அந்தப் பெண் அவனைக் கண்டதும் முதன்முறை பார்ப்பவள்போல் வெட்கப்பட்டதற்கு, துயரத்தில் நினைவு தப்பியது என்று காரணமும் கற்பித்தேன். படம் முடிந்தபோது வேட்டியெல்லாம் வியர்வை. சூசை மிஷினுக்குப் பின்னாலிருந்து மெல்ல எட்டிப் பார்த்தார். "ஐயா, நேரா ஓட்டினா இது ரொம்ப சப்புன்னு இருக்கும். இனிமே இதை இப்படியே ஓட்டுவோம்."

கொடியில் தொங்கியவள்

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கோயிலில் சரிதம் படிக்கும்போது துன்பமான இடத்தில் ஒருநாளும் நிறுத்தலாகாது. அடியார் பிழைத்து, இறைவன் வெளிப்பட்டு, மங்களம் பாடிய பின்பே ஏட்டை மூடவேண்டும். கேட்டவர் மனத்தில் கேடு தங்கினால் அது வீட்டுக்கும் வரும் என்பார்கள். கூடாரத்தின் வழக்கமோ நேர்மாறு. ஒரு பெண் மரக்கொடியில் தொங்குவாள், கீழே முதலைகள் வாய் திறக்கும், கொடி அறுந்துகொண்டிருக்கும், படம் நின்றுவிடும். மிச்சம் அடுத்த முறை.

அப்படி நின்ற அன்று நானும் நின்றேன். பிள்ளைத்தாய்ச்சிகள் கூட்டத்தில் இருந்தனர். இவர்களை முதலை வாயில் விட்டு லயத்து வீடுகளுக்கு அனுப்புவதா? வெறும் வெள்ளைத்துணியைக் காட்டி, கொடி அறுமுன் வேட்டைக்காரன் வந்தான், அவளைத் தூக்கினான், இருவரும் மணம் புரிந்து மக்களோடு வாழ்ந்தனர் என்று முடித்து, மங்களமும் பாடினேன். எல்லாரும் கும்பிட்டுப் போயினர். தவுக்கே அடுத்த முறை வந்தபோது பாதிக் கூடாரம் காலி. அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் அடித்துக்கொண்டார். "நீ அவளுக்குக் கல்யாணம் பண்ணி பிள்ளையும் குடுத்துட்டே. இப்போ என் முதலை யாரைக் கடிக்கும்?"

இனி நிற்கிற இடத்தில் நிறுத்துவேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். அதைவிடக் குழப்பம் வேறு. அவள் பிழைப்பாள் என்று கூட்டத்துக்குச் சொன்னவன் நானே; உண்மையில் பிழைத்தாளா என்று அடுத்த சுருள் வரும்வரை எனக்கும் தெரியாது. ஆபீசில் பால் கணக்கு எழுதும் கை நின்றுவிடும். திருநீறு பூசிக் கண்ணை மூடினால் அம்மன் பாதங்கள் தெரியவேண்டிய இடத்தில் முதலை தெரியும். தையல் தெரிந்த கரடிக்கும், நீந்தியெழுந்தாலும் நனையாத வேட்டைக்காரன் தொப்பிக்கும் என் நெஞ்சு ஏன் அப்படி அடித்துக்கொண்டது? என் மனைவியிடம் கேட்டேன். "பதிகம் படிக்கிற வாயி, புலி மாதிரி தூக்கத்துல உறுமுது. மாரியம்மாவுக்கு மாவிளக்கு போடுறேன், வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

இறங்காத கத்தி

பங்குனி வந்தது. பலகையில் அமர்ந்தேன். அடியார் ஒருவர் தனியே காட்டு வழியில் வருகிறார், கள்வர் சூழ்ந்துகொள்கின்றனர், தலைவன் அவர் தலைக்குமேல் கத்தியை ஓங்குகிறான். அந்த இடத்தில் என் குரல் தானாகக் கீழிறங்கியது. கூட்டம் முன்னால் சாய்ந்தது. விளக்குச் சுடர்கூட அசையாமல் நின்றது போலிருந்தது. "ஓங்கிய கத்தி இறங்கியதா? மிச்சம் நாளைக்கு!" என்று சொல்லி ஏட்டை மூடிவிட்டேன்.

ஏடு மூடுவதே பூசாரிக்கு அடையாளம். அவர் மணியை அடித்து, தீபம் காட்டி, சன்னிதித் திரையை இழுத்துவிட்டார். திரை விழுந்தபின் அன்றைக்கு மறுபடி வாசிக்கலாகாது. என்ன செய்தேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருவரும் திருநீறு வாங்க எழவில்லை. ஒரு குழந்தை மட்டும் அழுதது. பெரிய கங்காணி பலகையைக் கையால் தொட்டு, என்னை எழுந்திருக்கச் சொன்னார். நாளைக்கு மலாக்காவிலிருந்து வேறொருவர் வந்து படிப்பார் என்றார். குரலில் கோபத்தைவிடத் துக்கமே மிகுதி. "அடியாரக் கத்திக்குக் கீழ விட்டுட்டு, நான் எப்படிய்யா வீட்டுக்குப் போயி சோத்துல கை வைக்கிறது?"

பலகை

மறுநாள் நான் கோயிலுக்குள் போகவில்லை. செருப்புகள் கிடக்கும் இடத்தருகே நின்றேன். தகப்பனாரின் பலகையில், நல்ல சாரீரம் உடைய ஒரு பெரியவர் பட்டணத்திலிருந்து வந்து அமர்ந்திருந்தார். அன்று வந்த கூட்டத்தை அந்தக் கோயில் அதுவரை கண்டதில்லை. நம் லயத்தார், ஆற்றுக்கு அப்பாலுள்ள தோட்டத்தார், கூடாரமே கதியென்று கிடப்பவர் எல்லாரும் வந்திருந்தனர். தவுக்கேயும் சூசையும் மதிலோரம் நின்றனர். அன்று கூடாரத்தில் ஒருவரும் இல்லையாம்.

பெரியவர் காப்புப் பாடி, தாம் ஆயத்தம் செய்து வந்த வேறொரு அடியாரின் சரிதத்தைத் தொடங்கினார். அவரிடம் யாரும் கத்தியைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. ஒரு பாட்டு முடிந்தது. இரண்டாவது பாட்டில் அஞ்சலை எழுந்தேவிட்டார்: "அந்த சாமிய வெட்டிட்டானா இல்லையா?" பலரும் சேர்ந்து கேட்டனர். பெரியவர் திகைத்துக் கங்காணியைப் பார்த்தார். கங்காணி கூட்டத்தைப் பார்த்தார். முந்தின இரவு அவரும் உண்ணவில்லை என்று அவர் மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். கங்காணி நேரே வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்தார். "கத்தியத் தூக்கிவிட்டது நீங்கதானே கிராணியாரே? வந்து நீங்களே இறக்குங்க."

பட்டணத்துப் பெரியவர் நகர்ந்து இடம் விட்டார். அவருக்கும் அறிய ஆவல்தான். கள்வனின் கை ஓங்கியபடியே மரத்துப்போனதையும், அவன் அழுது அடியார் காலில் விழுந்ததையும் படித்தேன். கோயில் மொத்தமும் ஒரே மூச்சை வெளியே விட்டது. என் குரல் எதனால் நடுங்கியது, பக்தியாலா, பலகை கிடைத்ததாலா, அல்லது கூட்டம் பிடிபட்ட அந்தப் பழைய கொட்டகை இன்பத்தாலா என்று பிரித்தறிய என்னால் முடியவில்லை. மங்களம் பாடி ஏட்டை மூடினேன். தீபம் காட்டியாயிற்று. திருநீற்றுத் தட்டோடு வந்த பெரிய கங்காணி எனக்குக் கொஞ்சம் அழுத்தியே பூசிவிட்டார்.

"இனிமே மங்களம் பாடாம ஏட்ட மூடக்கூடாது, தெரியுதா? மூடிட்டு, நாளைக்கு யாருக்கு ஆபத்து வரப்போவுதுன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லிட்டு எந்திரிங்க."

இத்தனைக்கும் பிறகு, நான் காட்டுப் படத்தில் பக்தியைக் கலந்தேனா, பக்தியில் காட்டுப் படத்தைக் கலந்தேனா என்று கேட்கும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது, எந்தச் சுருள் முதலில் ஓடியதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை என்பதே.