திருநீற்றுப் பொட்டலத்தில் என் நாத்திகம்

நாத்திகம் பேசத் துணிச்சல் வேண்டும் என்பார்கள். எழுத அதெல்லாம் வேண்டாம். பெயர் போடாமல் இருந்தால் போதும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த நான், நாற்பதைத் தாண்டிய வயதில், கோயில்காரர்களைச் சாடி ஒரு நோட்டீஸ் எழுதினேன். உள்ளூரில் அச்சடித்தால் ஆள் தெரிந்துவிடும். ஆகவே ரயில்வே பாஸில் கிள்ளானுக்குப் போய், ரோஜா நிறத் தாளில் அடித்துக்கொண்டு வந்தேன். ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கோயில் வாசலில் நோட்டீஸ் கட்டை வைத்துவிட்டு ஓடினேன். புரட்சிக்காரன் இப்படி ஓடலாமா என்று கேட்காதீர்கள். ஓடிப் பழகினால்தான் தெரியும்.

அந்தக் காலத்தில் ஒரு நோட்டீஸ் வந்தால் அதற்கு மறுப்பு வரும். மறுப்புக்கு மறுப்பு வரும். நானும் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை என் மனைவிதான் கோயிலிலிருந்து வந்தாள், கையில் திருநீற்றுப் பொட்டலத்தோடு. ரோஜா நிறம். பிரித்தால் என் வசனம்! பண்டாரம் மொத்தக் கட்டையும் எடுத்து, ஒவ்வொரு தாளையும் நாலாகக் கிழித்துப் பொட்டலம் மடித்துவிட்டார்.

“தாளு நல்லாக் கெட்டியா இருக்குங்க. போன வாரம் பழைய பேப்பர்ல மடிச்சு, திருநீறெல்லாம் மை ஒட்டிக்கிச்சு” என்றாள் மனைவி. என் எழுத்துக்குக் கிடைத்த முதல் விமரிசனம் அது.

பேட்டையில் எல்லார் வீட்டுச் சாமி மாடத்திலும் என் நாத்திகம் ஏறிவிட்டது என்று முதலில் குதித்தேன். பிறகுதான் தலைமைக் குமாஸ்தாவின் ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். சித்தாந்தம் கரைத்துக் குடித்தவர். திருவிழா நாட்களில் கோயில் வாசலில் நின்று, யார் உள்ளே வரலாம், யார் வரக் கூடாது என்று பார்ப்பவரும் அவரே. என் வேலையும் அவர் கையில்.

சில வெள்ளிக்கிழமைகள் போயின. ஒரு நாள் அவர் மேசைமேல் மூன்று ரோஜாத் துண்டுகளைப் பொருத்தி வைத்திருந்தார்.

“ஐசே, இதைப் பாத்தீரோ? ஆரோ ஒரு விசரன் எழுதியிருக்கிறான்.”

“அப்படிங்களா ஐயா?” ஆட்டுக்குட்டிக்கே அவ்வளவு மெல்லிய குரல் இருக்காது.

“ஏச்செல்லாம் வடிவாய்த்தான் ஏசியிருக்கிறான். நியாயம் எண்டு ஒண்டும் இல்லை. வெறும் சத்தம்.”

நியாயம் நாலாவது துண்டில் இருந்தது! அதில் வெற்றிடம் அதிகம் என்று, பூக்காரருக்குச் சீட்டு எழுதப் பண்டாரம் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாராம்.

புத்தியுள்ளவன் ‘தப்பினோம்’ என்று சும்மா இருந்திருப்பான். என்னால் முடியவில்லை. நான் என்று தெரிந்தால் வேலை போகும்; தெரியாவிட்டால் விசரன், அதாவது பைத்தியக்காரன், என்ற பட்டம் நிற்கும். பெயரே போடாதவனுக்கு என்னடா பட்டம் என்று என்னை நானே கேட்டேன்.

கடைசியில், ஒளித்து வைத்திருந்த பிரதியில் நாலாவது துண்டை மட்டும் கிழித்துப் பொட்டலமாக மடித்தேன். வெறும் பொட்டலம் சந்தேகம் தரும். மாடத்துத் திருநீற்றில் கை வைத்தால் மனைவி, “நீங்களா?” என்று ஊரைக் கூட்டுவாள். ஆகவே அவளுடைய முகப்பவுடரைக் கொஞ்சம் தட்டிப் போட்டேன்.

“வீட்டுல இருந்துச்சுங்க ஐயா” என்று நீட்டினேன். அவர் பவுடரை உதறிவிட்டுப் படிப்பார் என்பது என் கணக்கு. சைவர் திருநீற்றைத் தரையில் உதறுவாரா? எழுந்தார். கிழக்கே பார்த்து நின்றார். “சிவசிவா” என்று நெற்றி நிறையப் பூசினார். மீதியில் ஒரு சிட்டிகையை வாயிலும் போட்டுக்கொண்டார்.

வாய் அசைந்தது. நின்றது.

“ஐசே.”

“ஐயா.”

“இது எந்தக் கோயில்? மல்லிகைப்பூ மணக்குது.”

பழியை மனைவிமேல் போடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பொய், பல கணம் யோசித்தேன். அதற்குள் அவர் தாளைப் பிரித்துப் படிக்கத் தொடங்கிவிட்டார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

“எழுதினது நீர்தானோ?”

என் தலை எந்தப் பக்கம் ஆடியது என்று எனக்கே தெரியாது.

“காகிதத்தில கேட்டது காணும். இப்ப வாயால கேளும், பாப்பம்.”

கேட்டேன். பாதியில் கேள்வி குழம்பிவிட்டது. மறுபடி முதலிலிருந்து கேட்டேன்: “கடவுள் எங்கும் நிறைஞ்சிருக்காருன்னு சொல்றீங்க. அப்போ ரப்பர்த் தோட்டத்துக் கூலி ஆளை வாசல்லயே மறிக்கிறவங்க, கடவுள் இல்லாத எந்த இடத்துல அவனை நிக்க வைக்கிறாங்க?”

அவர் உட்கார்ந்தார். நெற்றியில் பவுடர் அப்படியே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே இஞ்சின் ஒன்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டிருந்ததையே பார்த்தார்.

“நாளைக்குச் சொல்லுறன்” என்றார். “நேரத்துக்கு வேலைக்கு வாரும்.”

வேலை பிழைத்தது. ஆனால் வீடு போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை. அவர் வீட்டில் அலமாரி அலமாரியாகச் சாத்திரம் இருக்கிறது. விடிவதற்குள் எதையாவது தோண்டி எடுத்துவிடுவார். என்னிடம் இருந்ததோ அந்த ஒரே ஒரு கேள்விதான்.