கத்துவதைக் கேட்கும் வேலை

வாயில்லாப்பூச்சி என்றுதான் அண்ணி அவளைச் சொல்வாள். அக்கம்பக்கத்திலும் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அப்படிப்பட்டவள் ஒரு கடையில் புகார் கவுண்டர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறாள் என்றதும், அண்ணி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"வர்றவன்கிட்ட என்னத்தடி பேசுவே?"

"தெரியல அண்ணி."

"உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும், சொல்லிட்டேன்."

வீடு தினமும்தான் ரெண்டாகிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தினால் அண்ணன் கத்துவான். திறந்து வைத்தால் அதற்கும் கத்துவான். தையல் கம்பெனியில் அவள் பார்த்துவந்த நூல் வெட்டும் வேலை போன பிறகு, 'தண்டச்சோறு' என்ற வார்த்தையும் சேர்ந்துகொண்டது. ஆரம்பத்தில் அழுதாள். பிறகு அழுகை வரவில்லை. அதற்கும் பிறகு எதுவுமே வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளினால் வேறு யாருடைய காலையோ கிள்ளுவது போலிருக்குமே, உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது.

மின்விசிறியும் ஃபிரிட்ஜும் விற்கிற பெரிய கடை அது. வேலை கிடைத்தால் கடையின் பெண்கள் விடுதியில் தங்க இடமும் உண்டு. அண்ணன் வீட்டை விட்டு வெளியேற அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

மாடியில் பெஞ்சு நிறைய ஆட்கள், எல்லார் மடியிலும் ஃபைல். எட்டாவதோடு நின்றவள் இவள் ஒருத்திதான். பக்கத்தில் இருந்த பெண் எம்.பி.ஏ., பேங்க்கில் வேலை பார்த்தவள். உள்ளே போனவள் கண் சிவந்து வெளியே வந்தாள்.

"கோபக்கார கஸ்டமர் மாதிரி ஒருத்தரைக் கத்த விடறாங்க. நானும் ரூல்ஸெல்லாம் சொன்னேங்க. சொல்லச் சொல்ல இன்னும் கத்தறாரு" என்று மூக்கை உறிஞ்சினாள்.

இவள் முறை வந்தது. முதலாளி காகிதத்தைப் பார்த்தார்.

"எட்டாவதா?"

"ஆமா சார்."

"நாலு பேர்கிட்ட பேசற வேலை ஏதாவது பார்த்திருக்கீங்களா?"

"இல்ல சார்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓரத்தில் நின்ற ஸ்டோர் கீப்பருக்குத் தலையாட்டினார். பீப்பாய் போன்ற உடம்பு, குரலும் அதற்கேற்றாற்போல்.

"ஏம்மா, கடை நடத்தறீங்களா, கூத்தடிக்கிறீங்களா? நடையா நடந்து செருப்பு தேஞ்சுபோச்சு! உங்க ஃபேனைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க!"

மேஜையில் ஓங்கி ஓர் அடி. அவள் அவர் சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்த்தாள். வீட்டிலும் அங்கேதான் பார்ப்பாள். பதில் வராததால் அவருக்கு வேகம் ஏறியது. கடையைத் திட்டினார், அவளைத் திட்டினார், அவளை வேலைக்கு வைத்தவரையும் சேர்த்துத் திட்டினார். முதலாளி நெளிந்தார். கடைசியில் தொண்டை கட்டி, இருமல் வந்தது.

இருமல் கேட்டதும் அவள் கால்கள் தாமாக எழுந்துகொண்டன. வீட்டில் அண்ணனின் இருமலுக்குத் தண்ணீர் வராவிட்டால், தண்ணீர் வராததற்கு மறுபடி முதலிலிருந்து கத்தல் தொடங்கும். மேஜையில் மூடி வைத்திருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து நீட்டினாள். நீட்டிய பிறகுதான் அது முதலாளியுடையது என்று உறைத்தது.

ஸ்டோர் கீப்பர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஃபேன் சுத்த மாட்டேங்குதும்மா" என்றார் மெதுவாக.

"பில் இருக்கா சார்?"

"யோவ்!" முதலாளி நிமிர்ந்தார். "நடிக்க வந்தியா, நெசமாவே புகார் சொல்ல வந்தியா?"

"சத்தியமா எனக்கே தெரியல முதலாளி. ஆத்திரம் அடங்கிப்போச்சு."

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "இதை எங்கேம்மா கத்துக்கிட்டீங்க?"

"வீட்டுல சார்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கத்தல் முடியக் காத்திருந்தது போலவே, சிரிப்பு முடியும்வரை அவள் காத்திருந்தாள்.

"உங்களைவிடப் படிச்சவங்க வெளியே வரிசையா உட்கார்ந்திருக்காங்க. இருந்தாலும் சொல்றேன், திங்கட்கிழமை வந்து சேர்ந்துக்குங்க" என்றார் முதலாளி.

சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. காலி டம்ளரை எங்கே கழுவுவது என்பது மட்டும் மனதில் ஓடியது.

"சார், இன்னிக்கே வரலாமா?"

"பார்த்தியாய்யா ஆர்வத்தை! திங்கட்கிழமை போதும்மா."

"வேலைக்கு இல்ல சார். தங்கறதுக்கு."

ஸ்டோர் கீப்பரின் சிரிப்பு பாதியில் நின்றது. முதலாளி காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் ஃபோனை எடுத்து விடுதி வார்டனை அழைத்தார்.

"ஒரு பொண்ணு வருது, இடம் ஒதுக்கிக் குடுங்க." ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு இவளிடம் கேட்டார்: "எப்ப வருவீங்க?"

"இப்படியே போறேன் சார்."

"துணிமணியெல்லாம்?"

அவள் யோசித்தாள். வீட்டுக் கொடியில் தொங்குகிற இரண்டு புடவை நினைவுக்கு வந்தது.

"இருக்கட்டும் சார்" என்றாள்.