துக்கம் கேட்க வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்

இன்று காலை பள்ளிக்கூட வாசலில், இடுப்பில் பேத்தியோடு, இன்டர்வெல் மணிக்காக நின்றுகொண்டிருந்தேன்.

(நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அப்போதுகூட இவ்வளவு ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனதில்லை.)

என் மகன் போய் மூன்று மாதம் ஆகிறது. வயலில் பம்புசெட் போடப் போனவனுக்கு கரண்ட் அடித்துவிட்டது.

மருமகள் கவிதாவுக்குப் பத்தொன்பது வயது. பாதியில் விட்ட பிளஸ் டூவை இந்த வருடம் மறுபடி சேர்ந்து படிக்கிறாள்.

பள்ளிக்கூடத்து நர்ஸம்மாதான் பெரிய டீச்சரிடம் பேசி, மருத்துவ அறையில் குழந்தைக்குப் பால் கொடுக்க வழி செய்தார். தினமும் நான் தூக்கிக்கொண்டு போகிறேன்.

எங்கள் பக்கம் துக்கம் கேட்க யார் வந்தாலும், புருஷனை இழந்தவள் வந்து கட்டிப்பிடித்து அழ வேண்டும். ஆள் வரும்போதெல்லாம் நானே போய் அவளை வகுப்பிலிருந்து அழைத்து வந்தேன். அது என் தப்பு.

போன வாரம் நர்ஸம்மா சொன்னார்.

"இன்னும் லீவு போட்டா பரீட்சை எழுத விடமாட்டாங்கம்மா. ரத்தமும் கம்மியா இருக்கு. அழுவுறதுக்கும் உடம்புல தெம்பு வேணும்ல?"

இன்று கும்பகோணத்திலிருந்து வந்த பெரியம்மா மகள், வீடு பூட்டியிருப்பதைப் பார்த்து, ஆட்டோவில் நேராகப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"அந்தப் பொண்ணக் கூப்புடுடி. ஒரு வாட்டி அழுதுட்டுப் போயிடுறேன்."

"கணக்கு கிளாஸ்ல இருக்காக்கா."

"புருஷன் செத்த வருஷத்துல கணக்கா? ஊரு சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும்க்கா. எங்க வீட்லதான் யாரும் சிரிக்கிறதில்ல, ஊராவது சிரிக்கட்டும்."

அக்கா என்னைத் தாண்டி வகுப்பறைப் பக்கம் பார்த்தார்.

"பெத்தவ நான் நிக்கிறேன். என்னக் கட்டிக்கிட்டு அழுங்க" என்றேன்.

சைக்கிள் ஸ்டாண்ட் ஓரமாக இரண்டு பேரும் அழுதோம். நடுவில் நசுங்கிய பேத்தி எங்களைவிடச் சத்தமாக அழுதாள். மணி அடித்ததும் நர்ஸம்மா வந்து அவளை வாங்கிக்கொண்டு போனார்.

பால் கொடுத்துவிட்டு கவிதா எட்டிப் பார்த்தாள்.

"அத்தை, நான் வரணுமா?"

"வேணாம்மா. நீ கிளாஸுக்குப் போ."

போய்விட்டாள். பஸ் ஏறும்போது அக்கா, "அந்தப் புள்ளைக்கு முருங்கைக்கீரை ஆக்கிப் போடுடி" என்றார்.

ஆகவே சொந்தபந்தங்களே, இனி ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.

மற்ற நாளில் வந்தாலும் நான் இருக்கிறேன். காபி உண்டு. என் பிள்ளையைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள், எனக்கும் கேட்க ஆசைதான்.

கவிதாவை மட்டும் கூப்பிடச் சொல்லாதீர்கள். அவள் பரீட்சை எழுதப் போகிறாள்.