கட்டை பிடிக்க ஆளில்லாமல்

இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவையில், ஹோட்டலாகிவிட்ட பழைய தோட்டத் துரை பங்களாவில், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் மெஷின் வீரய்யாவின் பொறுப்பு. பிளேடு மாற்றும்போது அது சுழலாமலிருக்க மனைவி வினோதா ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்துப் பிடிப்பாள். அவர் நட்டைக் கழற்றுவார். அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகு பிளேடு மாற்றுவது இதுதான் முதல் தடவை. சாவியை எடுத்துவிட்டு, மெஷினை ஜாக்கியில் தூக்கி, ஒரு கையால் கட்டையைப் பிடித்தபடி தேய்ந்த பிளேடு இரண்டையும் தனியாகவே மாற்றினார்.

ஓட்டிப் பார்த்தால் புல் வெட்டுப்படாமல் படுத்துக்கிடந்தது. குனிந்து பார்த்தார். புதுப் பிளேடுகளைத் தலைகீழாக மாட்டியிருந்தார்.

"அட கூறுகெட்டவனே!" என்று வாய்விட்டுச் சிரித்தார். சேர்ந்து சிரிக்கப் பக்கத்தில் யாருமில்லை. சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

"முடிஞ்சிருச்சா வீரய்யா?" வாசலிலிருந்து மேனேஜர் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் இருக்குங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, மறுபடி ஜாக்கியை எடுத்தார்.